கூட்டாம்பட்டியில் தனியாகத் தெரிவது எப்படி

எங்கள் ஊர் கூட்டாம்பட்டி எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். சொன்னால் வந்துவிடுவீர்கள். வந்தால் திரும்பிப் போக எங்களிடமே வழி கேட்பீர்கள். நாங்களும் மனசாரச் சொல்லுவோம். அப்புறம் உங்கள் வீட்டில் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள். எதற்கு வம்பு?

எங்கள் ஊருக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரையும் தனியாக விடமாட்டோம். ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஒருத்தர் கண்மாயில் தவறி விழுந்தாராம். "ஐயையோ, தனியா விழுந்துட்டாரே!" என்று ஊரே பின்னாலேயே குதித்ததாம். ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. நல்லவேளையாக அந்த வருஷம் மழை இல்லை, முழங்கால் அளவுதான் தண்ணீர். அதனால்தான் நாங்களெல்லாம் பிறந்தோம். பிறந்திருக்க வேண்டியதில்லை என்று பக்கத்து ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது அவர்கள் அபிப்பிராயம்.

அன்றிலிருந்து ஒருத்தன் காலில் முள் குத்தினால் ஊரே நொண்டும். ஒருத்தன் வீட்டுச் சுவர் மழையில் இடிந்தால் மற்றவர்கள் கடப்பாறையை எடுத்துக்கொண்டு அவரவர் சுவரைப் பார்க்கப் போவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் கல்யாணம் ஆகாத ஆம்பளையாக நான் ஒருத்தன் மட்டும் மிஞ்சிப்போனேன். என் பெயர் பெத்தணன். என் கூட்டாளி சோணைக்குப் பெண் நிச்சயமானபோது, அவனைத் தனியாக மணமேடையில் விடக்கூடாது என்று ஊர் இளவட்டம் மொத்தமும் அவசர அவசரமாகப் பெண் தேடி ஒரே முகூர்த்தத்தில் தாலி கட்டினார்கள். அன்றைக்குப் பார்த்து எனக்கு அம்மை போட்டிருந்தது. என்னைத் தனியாக விடக்கூடாது என்று எல்லாரும் முதல் நாளே வந்து என் பாயில் வரிசையாகப் படுத்துப் பார்த்தார்கள். ஒருத்தனுக்கும் ஒட்டவில்லை. அவர்களுக்கெல்லாம் சின்ன வயசிலேயே வந்து போயிருந்ததாம். அழுதுகொண்டே எழுந்து போய்த் தாலி கட்டினார்கள்.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் எனக்குப் பெண் பார்க்கும் வேலையை ஊரே தலையில் போட்டுக்கொண்டது. டவுனில் வாழைமண்டி வைத்திருக்கும் சீனிச்சாமி என்பவருக்கு ஒரே மகள், பெயர் தவமணி என்று தெரிந்தது. நானும் சோணையும் மாயழகும் கொண்டைராசுவும் கிளம்பினோம். மாயழகுதான் எங்களில் விவரமானவன். ஒரு தடவை தப்பான பஸ்ஸில் ஏறி மெட்ராஸ் வரைக்கும் போய்விட்டு வந்தவன்.

தவமணி காப்பித் தட்டோடு வந்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டே நான் நிமிர்ந்து பார்த்தேன். டம்ளர் சாய்ந்துவிட்டது. காப்பி மொத்தமும் என் வெள்ளை வேட்டியில்.

சோணை என்னைப் பார்த்தான். தன் டம்ளரைப் பார்த்தான். பிறகு நிதானமாகத் தன் வேட்டியில் ஊற்றிக்கொண்டான். கொண்டைராசுவும் ஊற்றிக்கொண்டான். மாயழகு மட்டும் அதற்குள் குடித்து முடித்திருந்தான். அவன் டம்ளரை நீட்டி, "அம்மாடி, இன்னும் ஒரு டம்ளர் கிடைக்குமா? ஊத்திக்கணும்" என்றான்.

தவமணி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். உள்ளே போயும் சிரித்தாள். பாத்திரம் உருளுகிற சத்தமும் சிரிப்பும் கலந்து கேட்டது. எனக்கு அந்த நிமிஷமே மனசு பறிபோய்விட்டது. இவள் கிடைக்காவிட்டால் செத்தே போய்விடுவேன் என்று தோன்றியது. வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் மற்ற மூன்று பேரும் கூடவே சாகவேண்டியிருக்கும்.

சீனிச்சாமி மூன்று காப்பி வேட்டிகளையும் மாயழகின் காலி டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல மாப்பிள்ளை யாரு?"

"இவன்தாங்க" என்று மாயழகு என்னைக் காட்டினான்.

"எப்படிய்யா தெரியும்? விடிஞ்சா எழுந்திரிச்சா நான் வாழைக்காய்லதான் முழிக்கிறேன். ஒரு சீப்புல இருக்கற காயெல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கும். நீங்களும் அப்படித்தான் வந்து உக்காந்திருக்கீங்க. எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. அவளைக் கட்டுறவன்கிட்ட ஒரு தனித்தன்மை இருக்கணும். உங்க ஊர்ல வேற எவன்கிட்டயும் இல்லாதது, ஒண்ணே ஒண்ணு போதும். வர்ற வெள்ளிக்கிழமை ஊருக்கு வர்றேன். காட்டுங்க. இல்லைன்னா வேற இடம் பாத்துக்கங்க."

ஊருக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே விவாதம்.

"தனித்தன்மைன்னா என்னடா?" என்றான் சோணை.

"டவுன்ல கிடைக்கும். கிலோ என்ன விலைன்னு கேக்காம வந்துட்டோம்" என்றான் கொண்டைராசு.

மாயழகு எங்களைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கூட்டிப்போனான். அவர் வெளியூரிலிருந்து சைக்கிளில் வந்துபோகிறவர். எங்கள் ஊரில் தங்கமாட்டார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

"அதுக்குப் பல அர்த்தம் இருக்குப்பா" என்றார் வாத்தியார். "கூட்டத்தோட ஒட்டாம ஒதுங்கி இருப்பான் பாரு, அதையும் சொல்லலாம். பாக்கறவன் 'என்னடா இது!'ன்னு கேக்கற மாதிரி விசித்திரமா இருக்கறதையும் சொல்லலாம். ஊர்லயே அது ஒண்ணுதான், அதுக்கு ஜோடியே கிடையாதுங்கறதையும் சொல்லலாம். வானத்தைப் பத்திப் படிச்சவங்க கருந்துளைன்னு ஒண்ணு சொல்றாங்க, அதோட நடுவையும் அப்படிச் சொல்லலாம். எல்லாமே போய் ஒரு புள்ளிக்குள்ள விழுந்துடுமாம். அங்க நம்ம கணக்கு எதுவும் செல்லாதாம். அறிவுக்கு எட்டாத இடம். கிட்டப் போனவன் திரும்பி வரவே முடியாது."

சோணைக்கு முகம் மலர்ந்தது. "அது நம்ம ஊருதானுங்க!"

வாத்தியார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதலில் ஒதுங்கி இருப்பதைப் பழகலாம் என்று மாயழகு முடிவு செய்தான். ஊருக்கு வெளியே இருக்கும் கரட்டுப் பாறையில் என்னை உட்கார வைத்தார்கள். "அசையாம தனியா இரு. மாமனார் வர்றப்போ தூரத்துலேருந்தே தனியாத் தெரிவே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் சோணை வந்தான். "தனியா இருக்கியேடா, என்னமோ மாதிரி இருந்துச்சு" என்றான்.

"நீ வந்தா நான் தனி இல்லையேடா!"

சோணை யோசித்தான். "சரி, நீ அந்தப் பக்கம் பாத்துத் தனியா இரு. நான் இந்தப் பக்கம் பாத்துத் தனியா இருக்கேன். ஒருத்தரோட ஒருத்தர் பேசவேண்டாம்."

சாயங்காலத்துக்குள் ஊரே பாறைமேல் இருந்தது. ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு, யாரோடும் பேசாமல், எல்லாரும் தனியாக உட்கார்ந்திருந்தோம். ஆடுகளும் வந்துவிட்டன. மாயழகுதான் முதலில் வாயைத் திறந்தான். "பெத்தணா, இப்ப ஊர்ல யாருமே இல்லை. நீ ஊருக்குள்ள போ. அங்க நீ தனியா இருப்பே."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. இறங்கி நடந்தேன். "தனியாப் போறானே!" என்று எல்லாரும் எனக்குப் பின்னால் ஓடிவந்தார்கள்.

அடுத்தது, விசித்திரம். மாயழகு சவரக்கத்தியை எடுத்து என் மீசையில் வலது பாதியை வழித்துவிட்டான். கண்ணாடியைப் பார்த்தேன். தூங்கி எழுந்த எலி பாதி மூஞ்சியை மறந்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் தவமணிக்காக இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளக்கூடாதா என்று மனசைத் தேற்றிக்கொண்டு படுத்தேன்.

காலையில் டீக்கடைக்குப் போனால், ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும் பாதி மீசையோடு டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அடப்பாவிகளா! இது நான் மட்டும் வைக்கவேண்டியதுடா!" என்று கத்தினேன்.

"தெரியும்டா" என்றான் மாயழகு தலையைக் குனிந்துகொண்டு. "ஆனா கண்ணை மூடினா உன் மூஞ்சிதான் வருது. எங்களுக்கு மனசு கேக்கலை."

இதில் கொண்டைராசு பாடுதான் பெரும்பாடு. அவன் கண்ணாடியைப் பார்த்து வழித்ததில் பக்கம் மாறிப்போய்விட்டது. எங்களுக்கெல்லாம் இடது பக்கம் மீசை, அவனுக்கு மட்டும் வலது பக்கம். தனியாகிவிட்டேனே என்று விம்மி விம்மி அழுதான்.

"அழாதடா" என்று சோணை வழி சொன்னான். "நாங்க முன்னாடி பாத்து நிக்கறப்போ நீ பின்னாடி பாத்து நில்லு. மீசை ஒரே பக்கம் வந்துடும்."

நின்று பார்த்தான். வந்தது. அதிலிருந்து கூட்டம் எங்கே நின்றாலும் கொண்டைராசு மட்டும் திரும்பித்தான் நிற்பான்.

மீதிப் பாதியையும் எடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் யோசித்தோம். யார் முதலில் எடுப்பது? முதலில் எடுக்கிறவன் தனியாகிவிடுவானே!

வெள்ளிக்கிழமை வந்தது. சீனிச்சாமி மொபெட்டில் வந்து இறங்கினார். பாதி மீசைகளை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். கொண்டைராசுவின் முதுகையும் பார்த்தார்.

"என்னய்யா இது ஊரு?" என்றார். "மாப்பிள்ளை எங்கே?"

பின்னாலிருந்து என்னைத் தள்ளிவிட்டார்கள்.

"தம்பி, வேற எவன்கிட்டயும் இல்லாதது உன்கிட்ட என்ன இருக்கு? காட்டு."

இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீண். தவமணியின் சிரிப்பை இனி எந்த ஜென்மத்தில் கேட்கப்போகிறேன்? பொய் சொல்லலாம் என்றால் அதற்கும் புத்தி வேண்டும்.

"ஒண்ணுமில்லீங்க ஐயா" என்றேன். "என்கிட்ட இருக்கறதெல்லாம் இவங்ககிட்டயும் இருக்கு. இவங்க எல்லார்கிட்டயும் இருக்கற ஒண்ணுதான் என்கிட்ட இல்லை."

"அது என்னது?"

"பொண்டாட்டிங்க."

சீனிச்சாமி என்னையே பார்த்தார். அப்புறம் அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிரித்த சிரிப்பில் கை பட்டு மொபெட் சாய்ந்து விழுந்தது. வண்டி தனியாகக் கிடக்கிறதே என்று எங்கள் ஆட்கள் ஓடிப்போய் அவரவர் சைக்கிளையும் தள்ளிவிட்டார்கள். அதைப் பார்த்து அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"இந்த ஊர்லயே பொண்டாட்டி இல்லாதவன் நீ ஒருத்தன்தானா? சரிதான் போ! நான் கேட்டது இதுதான்னு வச்சுக்கறேன். வீட்டுல அவளும் அன்னியிலேருந்து நினைச்சு நினைச்சு சிரிச்சுக்கிட்டே கிடக்கா. கட்டினா அந்தக் காப்பி ஊத்துன ஊர்லதான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

ஒற்றைக் காலில் என்றதும் எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டார்கள். மருமகளாக வரப்போகிறவளைத் தனியாக நிற்க விடலாமா?

கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. ஊரே சந்தோஷமாகப் பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்தபோது சோணை மட்டும் ஒரு ஓரமாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா ஆச்சு?" என்று ஓடினோம்.

"இவன் தனித்தன்மையே பொண்டாட்டி இல்லாததுதானே?"

"ஆமா."

"தாலி கட்டின நிமிஷமே அது போயிடுமேடா! இவனும் நம்மளை மாதிரி ஆயிடுவான். மாமனார் சும்மா விடுவாரா? சொத்தைக் காயைத் திருப்பி அனுப்பற மாதிரி இவனை அனுப்பிட்டுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுவாரு."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பந்தக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களும் கையை விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். பந்தக்கால் கொண்டைராசுவின் மேல் சாய்ந்தது. அவன் வேறு பக்கம் பார்த்து நின்றதால் அவனுக்கு விஷயம் தெரியாது.

"தாலி கட்டாமலேயே கல்யாணம் பண்ணினா என்ன?" என்றான் ஒருத்தன்.

"அது தப்புடா. தாலி கட்டிட்டு, கல்யாணம் பண்ணாம இருக்கலாம்" என்றான் இன்னொருத்தன்.

மாயழகு கண்ணை மூடி ரொம்ப நேரம் யோசித்தான். தூங்கிவிட்டானோ என்று சந்தேகமாக இருந்தது. கண்ணைத் திறந்து சொன்னான்: "ஊர்ல எல்லாருக்கும் பொண்டாட்டி இருந்து இவனுக்கு மட்டும் இல்லைன்னா அது தனித்தன்மை. இவனுக்கு மட்டும் இருந்து வேற எவனுக்கும் இல்லைன்னாலும் அதே தனித்தன்மைதானேடா? நாம எல்லாரும் நம்ம பொண்டாட்டிகளை அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவோம்."

இவ்வளவு பெரிய தியாகத்தை யார் செய்வார்கள், சொல்லுங்கள். எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. எல்லாரையும் கட்டிப்பிடித்து அழுதேன். எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

எங்கள் ஊர்ப் பெண்கள் வெளியூர்களிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர்கள். விவரமானவர்கள். எதற்கு, ஏன், எத்தனை நாளைக்கு என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. சொல்லி முடிப்பதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள்.

டவுனில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் கூட்டாம்பட்டிக்கு வந்து இறங்கினோம். ஆரத்தி எடுக்கப் பெண்கள் இல்லை. மாயழகே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து சுற்றினான். ஆம்பளைகள் எல்லாரும் சேர்ந்து குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்தில் ஓடிய கோழிகள் மறுநாள்தான் வீடு திரும்பின.

தவமணி சுற்றுமுற்றும் பார்த்தாள். "இந்த ஊர்ல பொம்பளைங்களே இல்லையா?"

பெருமையோடு விஷயத்தை எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். திடீரென்று சிரிப்பை நிறுத்தி முகத்தை ரொம்பப் பொறுப்பாக வைத்துக்கொண்டாள்.

"இப்ப நானும் இந்த ஊர்க்காரிதானே?"

"பின்னே? சந்தேகமென்ன!"

"ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் அம்மா வீட்டுல இருக்காங்க. நான் ஒருத்தி மட்டும் இங்க இருந்தா நல்லாவா இருக்கும்? அவங்களைத் தனியா விடலாமா?"

நான் மாயழகைப் பார்த்தேன். மாயழகு சோணையைப் பார்த்தான். எங்கள் ஊர்ப் பழக்கத்தையே சொன்னால் நாங்கள் என்ன செய்வோம்? "தங்கமான பொண்ணுடா. வந்த அன்னைக்கே ஊரைப் புரிஞ்சுக்கிட்டாளே!" என்று சோணை நெகிழ்ந்துபோனான். மறுநாள் காலை பஸ்ஸில் தவமணி போய்விட்டாள்.

அப்புறம் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லவேண்டாம். ஒருத்தன் சோற்றைக் கரிய விட்டான். மற்றவர்கள் கரிகிறவரைக்கும் காத்திருந்து இறக்கினோம். எனக்குச் சோறுகூடப் பெரிதில்லை. அந்தச் சிரிப்புச் சத்தம் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடந்தது. அவள் இருந்தது ஒரே ஒரு நாள்தான். அதற்குள் பழகிவிட்டதே, என்ன செய்ய?

கடைசியில் போய்க் கூட்டிக்கொண்டு வருவது என்று தீர்மானித்தோம். ஆளாளுக்கு ஒரு ஊருக்குப் போனால் எல்லாரும் தனியாகிவிடுவோம். அதனால் முதலில் மொத்தப் பேரும் தவமணியின் ஊருக்குப் போனோம்.

சீனிச்சாமி மண்டியில் தார்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தால் வாசல் முழுக்கப் பாதி மீசை. கல்யாணத்தன்று மாலையும் தலைப்பாகையுமாக இருந்த என்னை இப்போது அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"இதுல என் மருமகன் எவன்யா?"

"நான்தான் மாமா" என்றேன்.

நான் ஒருத்தன் மட்டும் தனியாகச் சொல்லிவிட்டேனாம். "நான்தான் மாமா" என்றான் சோணை. "நான்தான் மாமா" என்றான் மாயழகு. ஊரே "நான்தான் மாமா" என்றது.

சீனிச்சாமி தலையில் கையை வைத்துக்கொண்டார். "எந்தக் காயின்னு தெரியாம எந்தப் பையில போட்டு அனுப்பறது? முடியாதுப்பா. ஆளை நிச்சயம் பண்ணாம என் பொண்ணை அனுப்பமாட்டேன்."

எனக்கு உலகமே இருண்டது. என் பெண்டாட்டியின் புருஷன் நான்தான் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமே இல்லையே! பாதி மீசைகூட எனக்கே எனக்கென்று இல்லை. அங்கே தொங்கிய வாழைத்தார்களைப் பார்த்துக்கொண்டு மரமாக நின்றேன்.

கடைக்குப் போயிருந்த தவமணி அப்போதுதான் தெருவில் வந்துகொண்டிருந்தாள். எங்கள் முதுகுப் பக்கம் வந்து நின்றாள். எத்தனை முதுகு! ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்:

"ஏங்க!"

அவ்வளவுதான். பெண்டாட்டி குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று? "இந்தா வந்துட்டேன்!" என்று அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அவளைப் பார்த்தே நின்றுகொண்டிருந்த கொண்டைராசுகூட எங்கே திரும்புவது என்று தெரியாமல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நின்றான்.

நான் மட்டும் திரும்பவில்லை. யாரோ பாவம், புருஷனைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்பா" என்றாள் தவமணி, "அந்தா திரும்பாம நிக்கிறாரே, அவருதான் எங்க வீட்டுக்காரரு."

"எப்படிம்மா சொல்றே?"

"அவரை இதுக்கு முன்னாடி யாரும் அப்படிக் கூப்பிட்டது கிடையாதுப்பா."

இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அதே சிரிப்பு. நான் அப்போதுதான் திரும்பினேன். கண்ணெல்லாம் நீராகிவிட்டது. சீனிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இருக்குய்யா! இவன்கிட்ட மட்டும் ஒண்ணு இருக்குய்யா!" என்று மண்டி அதிரக் கத்தினார்.

அவரவர் பெண்டாட்டியையும் ஊர் ஊராகப் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். இப்போது எல்லாரும் சுகம்.

ஒரே ஒரு சங்கடம்தான். அன்றைக்கு நான் ஒருத்தன் மட்டும் தனியாகத் திரும்பாமல் நின்றது எங்கள் ஆட்களின் மனசை ரொம்ப உறுத்திவிட்டது. அதனால் இப்போது எங்கள் ஊரில் எந்தப் பெண் "ஏங்க!" என்று கூப்பிட்டாலும் எந்த ஆம்பளையும் திரும்புவதில்லை. "உனக்காகத்தான்டா" என்கிறார்கள். ஆனால் எனக்கு இதற்குள் திரும்பிப் பழகிவிட்டது. யார் வீட்டில் யார் கூப்பிட்டாலும் நான்தான் திரும்புகிறேன். காலையிலிருந்து சோணை வீட்டு காஸ் சிலிண்டரைத் தூக்கி வைத்துவிட்டு, மாயழகு வீட்டு மாவை அரைத்துக் கொடுத்துவிட்டு, இப்போதுதான் உட்கார்ந்து உங்களுக்கு இதைச் சொல்கிறேன்.

இருங்கள், "ஏங்க!" என்று சத்தம் கேட்கிறது. தவமணி குரல் இல்லை. கொண்டைராசு வீடு போலிருக்கிறது. ஒரு எட்டுப் போய்விட்டு வந்துவிடுகிறேன்.